பூச்சி என்று சொன்னது குற்றமா?

நான் சாயம் போட்டு விற்கிற சிவப்புத் துப்பட்டாவின் படத்துக்குக் கீழே முகநூலில் இரண்டு நாளாக நடக்கிற கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட்டை மறுபடி போடப் போவதில்லை. "பூச்சி ரத்தத்துல துணிய முக்கி விக்கிறாங்க, உஷார்" என்று எழுதிய அண்ணனுக்குத்தான் என் பதிவை விட அதிக லைக். ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார். பதிவின் முதல் வரியிலேயே "இது காக்கினீல் பூச்சியிலிருந்து எடுத்த சாயம், சைவம் பார்ப்பவர்கள் கவனிக்கவும்" என்று எழுதியிருந்தது நான். அண்ணே, நான் சொல்லித்தானே உங்களுக்கே தெரியும்?

முதலில், அது ரத்தம் இல்லை. மெக்சிகோவிலும் பெருவிலும் சப்பாத்திக்கள்ளி மடல்களில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சி வாழும் பூச்சி. எறும்பு மாதிரியானவை தன்னைத் தின்னாமல் இருக்க உடம்புக்குள் கார்மினிக் அமிலத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. அதுதான் சாயம். பெண் பூச்சிகளைச் சுரண்டி எடுத்துக் காயவைத்து அனுப்புகிறார்கள். உள்ளங்கையில் கொட்டினால் உடைத்த மிளகு மாதிரி, சாம்பல் பூத்துக் கிடக்கும். ஐரோப்பாக்காரர்கள் இதை ரொம்ப காலம் ஏதோ விதை என்றே நினைத்திருந்தார்கள். பொடித்து வெந்நீரில் போட்டதும் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். படிகாரம் ஏற்றிய பட்டுத் துணியை அதில் இறக்கினால் லேசாக நீலம் ஓடும் ஒரு சிவப்பு. எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் ஆரஞ்சுப் பக்கம் போகும், சோடா போட்டால் ஊதா. இந்த வேடிக்கைக்காகவே எங்கள் வீட்டில் பல நாள் சமையல் தாமதமாகியிருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டுத்தான் விற்கிறேன்.

உங்கள் வீட்டு லிப்ஸ்டிக்கைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சி.ஐ. 75470 என்ற சாய எண் இருந்தால் அதே பூச்சிதான். வெளிநாட்டு மிட்டாயிலும் தயிரிலும் இதற்கு ஈ120 என்று எண். அமெரிக்காவிலேயே 2011 முதல்தான் இதை லேபிளில் பெயர் சொல்லிப் போடுவது கட்டாயம். அடுத்த வருஷமே ஸ்டார்பக்ஸின் ஸ்ட்ராபெரி பானத்தில் பூச்சி என்று ரகளையாகி, அவர்கள் தக்காளியிலிருந்து எடுத்த நிறத்துக்கு மாறினார்கள். கல்லூரியில் வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தீர்களே, அந்தக் கார்மைனும் இதுதான். அன்றைக்கு யாரும் குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்ததாக ஞாபகம் இல்லை.

"பீட்ரூட் இருக்கே சிஸ்டர்?" இருக்கிறது, பொரியலுக்கு. துணியில் நிற்காது. "நம்ம சாயவேர், மஞ்சிட்டி எல்லாம் இருக்கும்போது எதுக்கு வெளிநாட்டுப் பூச்சி?" இது நியாயமான கேள்வி. அந்த வேர்ச் சாயங்களையும் பயன்படுத்துகிறேன். அவை தரும் சிவப்பு செங்கல் பக்கம் சாயும், நான் தேடுவது அதில்லை, அவ்வளவுதான். வெளிநாடு என்கிறவர்களுக்கு இன்னொன்று: 1780களிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இந்தப் பூச்சியை வளர்க்க வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதி, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது மட்டமான வேறு இனம். சாயம் தேறவில்லை, ஆனால் கள்ளியைத் தின்று தீர்த்தது. பிறகு கள்ளியை ஒழிக்கவென்றே அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை வைத்துக் களை ஒழித்ததில் உலகத்துக்கே அதுதான் முன்னோடி என்கிறார்கள். சைதாப்பேட்டை வழியாகத் தினமும் போகிறவர்களுக்கு இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரம்.

உயிர் போகிறதே என்றால், போகிறது. ஒரு பவுண்டுக்கு சுமார் 70,000 பூச்சி. என் ஒரு துப்பட்டாவுக்கு ஆயிரத்துக்கு மேல் வரும். அதனால் வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையே இல்லை. சிலருக்கு ஒவ்வாமையும் வரும், அதையும் சொல்லித்தான் விற்கிறேன்.

என் மாமியார் வெங்காயம்கூடத் தொடாதவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, பூஜைக்குக் கட்டிக்க மாட்டேன், கல்யாணத்துக்கு ஒண்ணு எடுத்து வை" என்றார். பூஜைக்கு அவர் கட்டுவது பட்டுப்புடவை. பட்டுப்புழுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. முகநூலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பக்குவம் ஏன் வருவதில்லையோ.

2024 பிப்ரவரியில் ரோடமின் பி கலந்த பஞ்சுமிட்டாயை அரசு தடை செய்யும்வரை, கடற்கரையில் வாங்கி வாங்கி நம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமே, அது துணிக்குப் போடுகிற சாயம். ஒரு பாக்கெட்டிலாவது எழுதியிருந்ததா? எழுதாமல் விற்றவன் வியாபாரி, எழுதி விற்றவள் ஏமாற்றுக்காரி. ஆண்கள் நடத்துகிற பெரிய கடையாக இருந்தால் "இயற்கைச் சாயம்" என்று இலை படம் போட்டு முடித்திருப்பார்கள், நீங்களும் கொண்டாடியிருப்பீர்கள். வீட்டு அடுப்பில் சாயம் காய்ச்சுகிற பொம்பளை என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் வந்து "உங்க வீட்ல சாப்பாடு எப்படி சாப்பிடுறாங்க" என்று கேட்கலாம். அந்தக் கமென்ட்டுக்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. பார்த்தேன்.

ஆர்டரை ரத்து செய்தவர்களுக்குப் பணம் நேற்றே போய்விட்டது. இன்னும் நாலு துப்பட்டா இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் இன்பாக்ஸ் வரலாம். பூச்சி என்று பெரிய எழுத்தில் சீட்டு வைத்துத்தான் அனுப்புவேன். இதற்குக் கீழேயும் ரத்தம் என்று எழுத வருகிறவர்களை, சொந்தமாக இருந்தாலும் சரி, பிளாக் செய்துவிடுவேன்.