முதலில் மாற்ற வேண்டியது பிரேக் பெடல்
வீட்டில் சிம் ரேசிங் (நிஜக் காரைப் போன்ற ஸ்டீயரிங், பெடல்களுடன் கணினியில் ஆடும் கார் பந்தயம்) அமைப்பை மேம்படுத்த விரும்புவோர் முதலில் டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங்கையே, அதாவது மோட்டாரின் தண்டிலேயே நேராகப் பொருத்தப்படும் ஸ்டீயரிங்கையே, வாங்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அக்கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. பற்சக்கரங்களால் இயங்கும் லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையே (கையை எதிர்த்துத் திருப்பும் விசை) தருகிறது. டைரக்ட் டிரைவ் வகையைச் சேர்ந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டரில் தொடங்குகிறது. இந்த வேறுபாடு கையில் நன்றாகவே தெரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் சுற்று நேரத்தைக் குறைப்பது பெரும்பாலும் பிரேக் பெடல்தான். சாதாரணப் பெடல், அது எவ்வளவு தூரம் அமிழ்ந்தது என்பதை அளக்கிறது; லோட் செல் பெடலோ கால் எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்பதை அளப்பதால், தூரத்தைவிட அழுத்தத்தை எளிதில் நினைவில் கொள்ளும் நம் தசைகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவில் பிரேக் பிடிக்கவும், வளைவுக்குள் நுழைகையில் அதைச் சீராகத் தளர்த்தவும் விரைவில் பழகிவிடுகின்றன. ஆயினும், உருளைகள் உள்ள அலுவலக நாற்காலியில் அமர்ந்து அந்தப் பெடலை ஓங்கி மிதித்தால் நாற்காலிதான் பின்னால் ஓடும் (எனக்கே நேர்ந்தது). ஆகவே அசையாத இருக்கையையும் சட்டகத்தையும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். திரையின் அளவுக்கும் கண்ணிலிருந்து அதன் தொலைவுக்கும் ஏற்பப் பார்வைக் கோணத்தை (காட்சி எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதை) விளையாட்டின் அமைப்புகளிலேயே மாற்றிக்கொள்ளச் செலவே இல்லை என்பதையும் அந்தக் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.