கம்பிக்குக் கீழே கட்டியிருந்த காளை

காங்கேயம் பக்கத்தில், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் ஒன்றில், உயர்மின் கம்பிக்கு நேர் கீழே ஒரு தகரக் கொட்டகை. அதில், பசுக்களோடு சேர்ப்பதற்கென்றே வளர்க்கும் ஒரு பூச்சிக்காளை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரைக் கடைசியில், அந்தக் காளையைப் பார்க்கச் சொல்லி அதை வளர்ப்பவர் அழைத்தார். "டாக்டரய்யா, மேலே கம்பி இழுத்த பிறகு இவன் சேர்ந்த மாடு எதுவும் சினை நிற்கவில்லை. கரண்டு இவன் வித்தைக் கெடுத்துவிட்டது" என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். மகனுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகளாகக் குழந்தை இல்லை என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார். அவர்கள் வீடும் கம்பியிலிருந்து அதிக தூரமில்லை.

நல்ல காளையின் விந்துத் துளியை நுண்ணோக்கியில் வைத்தால் கார்மேகம் திரள்வது போல அலையடிக்கும். இதில் அலையே இல்லை. பல அணுக்களுக்கு வால் சுருண்டிருந்தது. கையை உயர்த்திக் கூரைத் தகரத்தைத் தொட்டேன். ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. விரை உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். காளையை வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொன்னேன். காளைக்கு விந்தணு உருவாகச் சுமார் 61 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் ஒரு வாரத்துக்கு மேல். ஆடியில் மறுபடி பார்த்தபோது துளியில் அலை இருந்தது.

"எல்லாம் வெயில் செய்த வேலை, கம்பி இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னது தவறு, இன்றும் உறுத்துகிறது. அந்த வேப்பமரம் கம்பியிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் இருந்தது. கொட்டகையோ, கம்பி வந்த அதே ஆண்டு போட்டது. வெயிலையும் கம்பியையும் ஒரே நாளில் விலக்கிவிட்டு, இரண்டில் ஒன்றுக்கு மட்டும் நற்சான்று கொடுக்க எனக்கு என்ன உரிமை?

கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அது விந்தணுவை என்ன செய்கிறது என்று சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் இதே சிக்கல் உண்டு. காந்தப்புலத்தை உண்டாக்கும் சுருளில் மின்சாரம் ஓடினால் சுருள் சூடாகும், அதிரும். அதைச் சரியாகப் பிரிக்காவிட்டால் சூடு செய்த வேலை காந்தத்தின் கணக்கில் ஏறிவிடும். முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. தென் கொரியாவிலிருந்து வந்த ஆய்வுகளையே பாருங்கள். 2009இல் வெளியான ஒன்றில், 14 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் 16 வாரம் தொடர்ந்து வைத்திருந்த சுண்டெலிகளின் விரையில் இறக்கும் செல்கள் கூடியிருந்தன. 2005இல் வெளியான இன்னொன்றில், தாய் எலிகளைக் கருக்காலத்திலிருந்து பாலூட்டும் காலம் வரை, 500 மைக்ரோடெஸ்லா வரையிலான புலத்தில் நாளுக்கு 21 மணி நேரம் வைத்தார்கள். அவற்றின் ஆண் குட்டிகள் வளர்ந்த பின் விந்தணு எண்ணிக்கையிலோ இனப்பெருக்கத் திறனிலோ குறை தெரியவில்லை. 2007இல் இத்தாலியின் அக்கம்பக்கத்து நகரங்கள் இரண்டிலிருந்து வந்த முடிவுகளும் இப்படித்தான். லாக்விலாவில் மனித விந்தணு காந்தப்புலத்தில் வேகமாக நீந்தியது. தெராமோவில் பன்றி விந்தணுவின் தலையை மூடியிருக்கும் உறை சிதைந்தது. அவை கிண்ணத்தில் வைத்துச் செய்த சோதனைகள், புலமும் மிக வலுவானது. அவற்றைக் கொறங்காட்டுக்குக் கொண்டுவர மாட்டேன்.

ஆனால் அந்த 14 என்ற எண்ணை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை. உயர்மின் கம்பிக்கு நேர் கீழே 20 மைக்ரோடெஸ்லா வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனமே சொல்வது. பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200. வரம்புக்குள்தான் இருக்கிறது, உண்மை. சுண்டெலி காளையாகாது, அதுவும் உண்மை. அந்தச் சுண்டெலிகள் மலடாகிவிட்டன என்றும் ஆய்வு சொல்லவில்லை. கம்பியிலிருந்து 50, 100 மீட்டர் விலகினால் புலம் சாதாரண வீட்டு அளவுக்கு இறங்கிவிடும் என்பதும் தெரிந்ததே. கம்பி ஆண்மையைப் பறித்துவிடும் என்று காணொளி போடுகிறவர்களை நான் நம்பவில்லை. ஆனால் இரவும் பகலும் கம்பிக்கு நேர் கீழே கட்டிக்கிடக்கும் உயிருக்கு ஒன்றுமே ஆகாது என்று கூட்டத்தில் கையை வீசிச் சொல்லும் அதிகாரியையும் நம்பவில்லை. இரண்டு பேருமே அந்தக் கொட்டகையில் அளந்து பார்த்ததில்லை.

அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டம் கூடினால் புலமும் கூடும், குறைந்தால் குறையும். அதனால் ஒரு நாள் காலையில் வந்து ஒரு முறை அளந்துவிட்டுப் போவது போதாது. கோடையில் அளக்க வேண்டும், இரவில் அளக்க வேண்டும். அந்த எண்களை நிலத்துக்காரரின் கையில் எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பி போக நிலத்தைக் கொடுத்தவர் இதைக் கெஞ்சிக் கேட்கும்படி வைத்திருப்பது அநியாயம்.

மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளில் மருமகளை மூன்று மருத்துவமனைகளுக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். மகனுக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யவில்லை. காளைக்கு அரை மணி நேரத்தில் செய்து முடித்த சோதனை அது! கேட்டபோது கம்பியைத்தான் கையால் காட்டினார் மகன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண் எதிரே நின்றிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

சென்ற மாதம் புலத்தை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் போனேன். பழைய கொட்டகை இருந்த இடத்தில் நின்று, அதைப் பெரியவர் கையிலேயே கொடுத்தேன். திரையில் வந்த எண்ணை, நேரத்தோடு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். பிறகு வேப்பமரத்தடி, வீட்டுத் திண்ணை, மகன் படுக்கும் அறை. மீட்டரைத் திருப்பிக் கேட்டபோது, "ராத்திரி பம்புசெட் எல்லாம் ஓடும், அப்போதும் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்" என்றார். அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.