பெடியன்ட ரிப்போட் எங்கே?

கலியாணம் பேசியிருந்த ஒரு பெட்டை தலசீமியா காவி என்று காட்டும் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டை, சொந்தக்காரர் ஒருவர் படமெடுத்து வைபர் குழுமத்தில் போட்ட கதை உவர்மலையிலிருந்து நிலாவெளி வரைக்கும் போய்விட்டது. பிள்ளையின் பெயர், வயது, ஏ2 (ஹீமோகுளோபின் வகை ஒன்று) அளவு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கீழே ஒரு பெரியவரின் கும்பிடு இமோஜி வேறு. சம்பந்தமும் குழம்பிவிட்டது. எனக்கு ஒரே கேள்விதான்: பெடியன்ட ரிப்போட் எங்கே?

தலசீமியா பரம்பரையாக வரும் இரத்த நோய். அதன் குறையுள்ள மரபணு ஒன்றை மட்டும் காவுகிறவர்தான் காவி, நோயாளி இல்லை. காவிக்கு மருந்தும் வேண்டாம், இரத்தம் ஏற்றவும் வேண்டாம். காவி இல்லாத ஒருவரைக் கட்டினால் பிள்ளைகளுக்குத் தலசீமியா மேஜர் (இரத்தம் ஏற்றியே வாழ வேண்டிய கடும் வடிவம்) வராது. இரண்டு பேரும் காவி என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். அடுத்ததற்கும் அதே நாலில் ஒன்றுதான். ஆக, ஒற்றை ரிப்போட்டை வைத்து எதைத் தீர்மானித்தீர்கள்?

"அப்ப பரிசோதிக்க வேண்டாம் என்கிறீங்களோ?" பரிசோதியுங்கோ, இரண்டு பேரையும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் கருத்தரிக்க முன்னம் தெரிந்திருக்க வேணும். ஊதா மூடிக் குழாயில் இரண்டு மூன்று மில்லிலீட்டர் இரத்தம் போதும். முதலில் எஃப்பிசி, அதாவது இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை. எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 80க்கோ எம்சிஎச் (ஓர் அணுவிலுள்ள ஹீமோகுளோபின் அளவு) 27க்கோ கீழே என்றால் எச்பிஎல்சி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை. அதில் ஏ2 3.5 வீதத்தைத் தாண்டினால் பீற்றா தலசீமியா காவி. இரும்புச்சத்துக் குறைந்தாலும் எம்சிவி இறங்கும். கூடவே ஏ2வும் கொஞ்சம் இறங்குவதால் காவி தப்பிவிடலாம். ஃபெரிற்றின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) குறைவென்றால் இரும்பு மாத்திரை எடுத்து, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேணும். ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாறிய வகையின் காவிக்கு எம்சிவி கிட்டத்தட்ட சாதாரணமாகவே இருக்கலாம். அவர் பீற்றா காவியைக் கட்டினாலும் பிள்ளைக்கு ஆபத்துத்தான். "எங்கட பெடியனுக்கு எஃப்பிசி நோர்மல்" என்பவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும்.

"பெத்ததுகளுக்குத் தெரிய உரிமை இல்லையோ?" இருக்கட்டும். கட்டப்போகிறவருக்குக் கட்டாயம் தெரிய வேணும். குழுமத்துக்கு என்ன உரிமை? தரகருக்கு என்ன உரிமை? சாதகத்தோடு ரிப்போட்டும் சுற்றுகிறது. ஏழாமிடத்துச் செவ்வாய் போதாதென்று இப்போது இந்த மரபணு இருக்கிற பதினோராம் குரோமோசோமும் தோஷமாகிவிட்டது, அதுவும் பெட்டைகளுக்கு மட்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கான பாவனையில் அது கை வைக்காது. படத்தைப் போட்ட மாமா பயப்பட வேண்டாம்.

மாமா பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. காவித்தன்மை தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோதான் வரும். தாய் வழியென்றால் தாயோடு பிறந்தவர்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. படத்தைப் போட்டவர் தாய்மாமன்! ஏ.எல். படிக்கிற தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி. அவளைக் கேட்டா போட்டீர்கள்? பெடியனும் பெரிய மாமாவின் மகன். அவனை அல்லவா முதலில் பரிசோதித்திருக்க வேணும்? இப்போது வெளியில் பெண் பார்க்கினமாம், பெடியனுக்கு இன்னும் ஊசி குத்தவில்லை.

பொறுப்போடு தானே போய்ப் பரிசோதித்த பிள்ளைக்கு இதுதான் சன்மானம். இனி எந்தப் பெட்டை கலியாணத்துக்கு முன்னம் விரும்பிக் கை நீட்டுவாள்?

படத்தை அழித்துவிட்டோம் என்று இன்பொக்ஸில் சொல்கிறீர்கள். சேமித்து வைத்தவர்களின் போனில் அது அப்படியேதான் இருக்கும். பெடியனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. வெறும் வயிறு தேவையில்லை, இடியப்பம் சாப்பிட்டுவிட்டே போகலாம்.