ஆபரேஷன் ஆன அப்பத்தாவுக்குக் கஞ்சி மட்டும் போதாது

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன வயதானவர்களுக்கு நம் பக்கத்து வீடுகளில் கொடுக்கிற சாப்பாட்டைப் பார்த்தால் மனசு பதறுகிறது. காலையில் இரண்டு இட்லி, மதியம் குழைந்த ரசம் சாதம், ராத்திரி கஞ்சி. "படுத்திருக்கிறவுகளுக்குக் கனமா கொடுத்தா செரிக்காது" என்று அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பத்தியம்தான் பலரை எழுந்து நடக்க விடாமல் செய்கிறது.

எலும்பை டாக்டர் பொருத்திவிடுவார், மறுநாளே எழுப்பி நிற்க வைக்கவும் பார்ப்பார். நிற்பதற்குத் தொடையில் சதை வேண்டுமே! 2007இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களையே பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்தார்கள். கால்களில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அடிபட்டு, அறுவை சிகிச்சையும் ஆன உடம்பு இன்னும் வேகமாகக் கரையும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பதை நினைத்தால், இது வெறும் சாப்பாட்டு விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த நிலையில் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். 50 கிலோ ஆச்சி என்றால் தினம் 60 கிராமாவது. மேலே சொன்ன பத்தியச் சாப்பாட்டில், காபிப் பாலையும் சேர்த்தாலும், 20 கிராம் தேறினால் பெரிது. ஆட்டுக்கால் சூப்பை எல்லோரும் நம்புகிறோம். வாய்க்கு நன்றாக இருக்கும், கொடுங்கள்; ஆனால் எலும்பிலிருந்து சாறில் இறங்கும் கால்சியம் சொற்பம். அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

நம் அடுப்படியிலேயே வழி இருக்கிறது. சுறாப்புட்டு மெல்லவே வேண்டாம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம். இரண்டு முட்டை 12 கிராம். இரண்டு டம்ளர் பால், ஒரு கை பாசிப்பருப்பு என்று சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். பசி இல்லாதவர்களுக்குச் சாயங்காலம் நெய் விட்டுக் கிளறிய கும்மாயம் (உளுந்து மாவில் செய்கிற இனிப்பு) கொஞ்சம், சர்க்கரை நோய் இல்லையென்றால். சைவக்காரர்களுக்குப் பருப்பு, தயிர், பனீர். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவு வையுங்கள்.

சாப்பிட மாட்டேன் என்றால் ஏன் என்று பார்க்க வேண்டும். எங்கள் அப்பத்தா தேவகோட்டை வீட்டில் இரண்டாம் கட்டு நிலைப்படி தடுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் மீனைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தார். ஆபரேஷனுக்கு முன் கழற்றிய பல்செட் டப்பாவிலேயே கிடந்ததை அத்தைதான் கவனித்துக் கழுவிப் போட்டுவிட்டார். அப்புறம் தண்ணீர். "குடிச்சா ஒண்ணுக்குப் போக ஒருத்தரைக் கூப்பிடணுமேப்பா" என்று உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார். தண்ணீர் குறைந்து, வலி மாத்திரையும் சேர்ந்து மலம் கட்டிக்கொண்டது. வயிறு கட்டினால் பசி எங்கே வரும்? இதில் சஷ்டி விரதம் வேறு. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், நடந்து கோயிலுக்கு வாருங்கள் என்று கெஞ்சித்தான் அன்றைக்குப் பால் குடிக்க வைத்தோம்.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, கேஸ் தள்ளிப்போனது என்று மறுநாளும் பட்டினி போடுவது கொடுமை. பொதுவாக மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் கொடுக்கலாம் என்பதுதான் வழிகாட்டுதல். நேரம் தள்ளினால், இப்போது என்ன கொடுக்கலாம் என்று தைரியமாகக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வைட்டமின் டி, கால்சியம், அடுத்த எலும்பு முறியாமலிருக்க மருந்து, இந்த மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். வீடியோ காலில் "சாப்பிட்டீங்களா" என்றால் "ஆச்சுப்பா" என்றுதான் பதில் வரும். சமைக்கிறவரைக் கூப்பிட்டு, இன்றைக்கு முட்டை கொடுத்தீர்களா, எவ்வளவு உள்ளே போனது, தட்டில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். நிற்க முடிந்ததும் மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். குறைந்துகொண்டே வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள்.