பாக்கி வைக்காத வேதவாசிப்பு

இந்த வருஷம் முழு வேதாகமத்தையும் முடித்தே தீருவேன் என்று ஜனவரி 1-இல் ஆரம்பிப்பவர்களில் பலர் எங்கே நின்றுபோகிறார்கள் தெரியுமா? புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஆதியாகமத்தின் 50 அதிகாரமும் கதையின் வேகத்தில் ஓடிவிடும். நாளுக்கு மூன்று அதிகாரம் வீதம் போனால் 25-ஆம் நாள் யாத்திராகமம் 25 வரும். உடன்படிக்கைப் பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலம் ஒன்றரை முழம் என்று அளவுகள் தொடங்கும். அதைத் தாண்டினால் பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம். அந்த இடத்தில் நாலு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் 15 அதிகாரம் படிக்க வேண்டும். அப்புறம் கடன் கொடுத்தவரைக் கண்டு ஒளிகிற மாதிரி வேதபுத்தகத்தைக் கண்டே ஒளிய ஆரம்பிக்கிறோம்.

விட்டுப்போன நாளை விட்டுவிடுங்கள். பாக்கியைத் தீர்க்க வேண்டாம், இன்றைய பகுதிக்கு வாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா என்ற அப்பத்தை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு என்று அன்றன்றைக்குத்தான் சேர்க்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளுக்கு எடுத்துவைத்தது புழுத்து நாறியது. சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொல்வதை மூன்று சுவிசேஷங்கள் எழுதினாலும், 'அனுதினமும்' என்ற சொல் லூக்கா 9:23-இல் மட்டுமே இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல் பெரிதாகப்படுகிறது.

புதிதாகத் தொடங்குபவருக்குப் புதிய ஏற்பாடு போதும். 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மாற்குவின் 16 அதிகாரத்தில் தொடங்குவது நல்லது. மீதி இரண்டு நாளில் அந்த வாரம் மனதில் தைத்த இடத்தைத் திரும்பப் படிக்கலாம். அதிகாரத்தை ஒரே மூச்சில் ஒருமுறை படியுங்கள். பிறகு அதில் பத்துப் பதினைந்து வசனத்தை வாய்விட்டு, மெதுவாக. மூன்றாம் முறை கையில் பேனாவோடு.

பேனா எதற்கு? யாக்கோபு தன் நிருபத்தில் சொல்கிற கண்ணாடிக்காரனாகிவிடக் கூடாது என்பதற்கு. தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவுடனே அது எப்படி இருந்தது என்பதையே மறந்துவிடுகிறவன் அவன். ஒரே ஒரு வரி எழுதுங்கள்: யாரிடம், எப்போது, என்ன செய்யப்போகிறேன். "இன்று எல்லோரிடமும் அன்பாயிருப்பேன்" என்று எழுதுவது வீண், மாலையில் அதைச் சரிபார்க்கவே முடியாது. "மதியத்துக்குள் அண்ணனைக் கூப்பிட்டு, அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்பேன்" என்பது வரி.

மன்னிப்பிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. "உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க" என்பது பழியை மெல்ல அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிற பேச்சு. செய்ததைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பண விஷயமானால் வாயால் கேட்டது மட்டும் போதாது. லேவியராகமம் 6 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்றான். (சலிப்பாயிருக்கிறது என்று நாம் தாண்டிப்போகிற லேவியராகமத்தில்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது.)

ஜெபத்தில் பெரும்பாலும் கெடுவது பட்டியலால். நாற்பது பேரைச் சேர்த்துவிட்டால் அது வருகைப்பதிவு வாசிக்கிற மாதிரி ஆகிவிடும். நாளுக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவருக்கும் இன்ன காரியம் என்று குறிப்பாகக் கேளுங்கள். நடுவில் செய்யவேண்டிய வேலைகள் ஞாபகம் வந்தால் அவற்றோடு சண்டை போடாமல், பக்கத்தில் ஒரு தாள் வைத்துக் குறித்துவிட்டுத் தொடருங்கள். வார்த்தையே வராத நாளில் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்தால், அதுவே ஜெபம்தான்.

இரவில் மூன்று நிமிஷம், காலையில் எழுதிய வரியைப் பாருங்கள். செய்யவில்லையென்றால் ஏன் என்று ஒரு சொல் எழுதுங்கள்: பயம், சோம்பல், வீம்பு. ஒரே சொல் நாலைந்து தடவை வந்தால், மனந்திரும்ப வேண்டியது எதிலிருந்து என்று தெரிந்துவிடும். அதைத் தனியாகச் சுமக்க முடியாது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்கிறது யாக்கோபு 5:16. வாரம் ஒருமுறை "அந்த வரி என்ன ஆச்சு?" என்று கேட்க ஒருவர் வேண்டும். ஆளை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அழுது சொன்னதை 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் சபை முழுக்கப் பரப்பிவிடுகிறவராக இருக்கக் கூடாது.