"இன்னுமா முகக்கவசம்?" என்று என் தம்பியிடம் கேட்பவர்களுக்கு

2025 வைகாசியில் மதுரையில் ஒரு திருமணம். நெருங்கிய உறவு, போகாமல் இருக்க முடியாது. என் தம்பி முகக்கவசம் அணிந்து, கடைசி வரிசையில் கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பந்திக்கு அழைக்க வந்த பெரியப்பா அவன் தோளில் தட்டி, "என்னப்பா, கொரோனா போய் எத்தனை வருடம் ஆயிற்று? இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு அலைகிறாய்?" என்று உரக்கக் கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்து வைத்தான். பந்தியில் உட்கார்ந்தால் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டான்.

அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவனுக்கு 2019-இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது. மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் குடும்பம், தங்கள் வாழ்வின் மிகக் கொடிய நாளில் மனமிரங்கிக் கொடுத்த சிறுநீரகம் அது. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அவன் மாத்திரை போட்டாக வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பதுதான் அந்த மாத்திரைகளின் வேலை. அடக்காவிட்டால், வந்து சேர்ந்த சிறுநீரகத்தை உடலே தாக்கி அழித்துவிடும். நமக்கு மூன்று நாள் சளியாக வந்து போகும் கிருமி அவனுக்கு அப்படிப் போகாது என்பதை நாங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்த்திருக்கிறோம்.

அந்தத் திருமணத்துக்குப் போன ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கொரோனாதான். மண்டபத்தில் அவன் அருகில் அமர்ந்து வெகுநேரம் பேசிய ஒருவருக்கு அன்றே இருமல் இருந்தது. "வெறும் சளிதான், ஏசி ஒத்துக்கொள்ளவில்லை" என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சளி பிடித்தால் பரிசோதித்துப் பார்க்கும் வழக்கத்தை நாம் எல்லாருமே எப்போதோ விட்டுவிட்டோம்.

ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தான். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் 1.3-இலிருந்து 2.1-க்கு ஏறியது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்தினார். நிறுத்தினால்தான் உடல் வைரஸோடு போராடும். அதிக நாள் நிறுத்தினாலோ, அதே உடல் சிறுநீரகத்தின் மீது பாயும். நாள்தோறும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று எந்தப் பக்கம் சாய்வது என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. இருபத்தாறாம் நாள் எடுத்த பரிசோதனையிலும் கிருமி இருந்தது. சிறுநீரகம் பிழைத்துவிட்டது. ஆனால் பழைய 1.3-க்குக் கிரியேட்டினின் இன்றுவரை திரும்பவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். கொரோனா எப்போது போனது?

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. அதே நாளில் அதன் தலைவர் டெட்ரோஸ், உலகுக்கு இந்த நோயால் உள்ள ஆபத்து நீங்கிவிட்டதாக இதற்குப் பொருளில்லை என்றும் சொன்னார். முதல் பாதி எல்லார் காதிலும் விழுந்தது. மறுபாதி யாருக்கும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஜே.என்.1 என்ற திரிபு கேரளத்தில் கண்டறியப்பட்டது. 2025 ஏப்ரலில் என்.பி.1.8.1 என்ற இன்னொரு திரிபு தமிழ்நாட்டிலேயே ஒருவரிடம் கண்டறியப்பட்டது. ஜூன் மாதத்தில் நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தோர் எண்ணிக்கை 7,000-ஐத் தாண்டியது. பரிசோதனைக்குப் போனவர்களின் கணக்கு மட்டும்தான் இது.

2021 மே மாதத்தை நான் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. ரெம்டெசிவிர் மருந்துக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வரிசை. கூட்டம் தாங்காமல் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. அந்த நிலை இன்று இல்லை. தடுப்பூசியாலும், பலமுறை தொற்று வந்து போனதாலும் பெரும்பாலான உடல்கள் இந்தக் கிருமியை அடையாளம் கண்டுகொள்கின்றன. அதற்காக நன்றியோடுதான் இருக்கிறேன். ஊரடங்கு திரும்ப வேண்டும், பள்ளிகளை மூட வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. அந்த நிம்மதிக்கு வெளியே இன்னும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். உறுப்பு மாற்றம் பெற்றவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், டயாலிசிஸுக்குப் போய் வருபவர்கள், எண்பது வயது தாத்தா பாட்டிகள்.

இதில் உங்கள் நலனும் இருக்கிறது. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் இந்த வைரஸ் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தங்கிவிடும். அங்கே அது பெருகிப் பெருகித் தன்னை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் வந்தபோது நம் செல்லுக்குள் நுழைய அது பயன்படுத்தும் முள் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவ்வளவு மாற்றங்கள் ஒரே பாய்ச்சலில் வந்தது எப்படி என்ற கேள்விக்கு, நீண்ட நாள் தொற்றுக்குள்ளான ஒரே உடலில் அது வளர்ந்திருக்கலாம் என்ற விளக்கத்தை ஆய்வாளர்கள் பலர் முன்வைக்கிறார்கள். அப்படியானால் என் தம்பியைப் போன்றவர்களைத் தொற்றிலிருந்து காப்பது அடுத்த திரிபு பிறக்கும் வாய்ப்பைக் குறைப்பதும்தானே?

தடுப்பூசி விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. தம்பி 2021 ஜூனில் முதல் தவணை கோவிஷீல்டு போட்டான். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெகா முகாமில் இரண்டாவது. எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இரண்டு தவணை போதாது என்று அமெரிக்கா அந்த ஆகஸ்டிலேயே மூன்றாவதுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. இங்கே 2022 ஜனவரியில் முன்னெச்சரிக்கைத் தவணை என்ற பெயரில் மூன்றாவது ஊசி தொடங்கியபோது, சுகாதாரப் பணியாளர்களும் முன்களப் பணியாளர்களும் நோயுள்ள முதியவர்களும் மட்டும் பட்டியலில் இருந்தார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரனுக்கு அதில் இடமில்லை. ஜூலையில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோதுதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனுக்கு மூன்றாவது கிடைத்தது. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வூஹானில் முதலில் கண்ட வைரஸை வைத்துச் செய்த ஊசிதான் அவன் உடலில் இருக்கும் கடைசிப் பாதுகாப்பு. அந்த வைரஸ் இன்று உலகில் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

மற்ற நாடுகளில் தடுப்பூசியையும் திரிபுக்கேற்ப மாற்றிக்கொண்டே வருகிறார்கள். 2023-இல் எக்ஸ்.பி.பி.1.5-க்கு, அடுத்த ஆண்டு ஜே.என்.1 வகைக்கு, 2025-இல் எல்.பி.8.1-க்கு. எல்லாருக்கும் ஆண்டுதோறும் ஊசி என்று அவர்களும் சொல்லவில்லை. 2025 இலையுதிர் காலத்தில் பிரிட்டன் 75 வயதைக் கடந்தவர்களுக்கும், முதியோர் இல்லவாசிகளுக்கும், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் மட்டும் கொடுத்தது. நியாயமான பட்டியல். என் தம்பி அங்கே இருந்திருந்தால் அவன் பெயர் அதில் இருந்திருக்கும்.

இங்கேயும் அறிவு இல்லாமல் இல்லை. புணேயில் ஒமிக்ரானுக்கென்றே ஒரு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியைத் தயாரித்து, 2023 ஜூனில் அனுமதியும் வாங்கினார்கள். அந்தத் திருமணத்துக்கு முன்பு, சிங்கப்பூரில் தொற்று ஏறுகிறது என்ற செய்தியைப் பார்த்துவிட்டு, நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்து மதுரையில் ஏறி இறங்கினேன். ஒரு பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் இருந்தவர், "கொரோனா ஊசியா? அது வருவதே இல்லையே அம்மா" என்றார். இன்னொரு இடத்தில், யாரும் கேட்பதில்லை என்பதால் தருவிப்பதில்லை என்றார்கள். கேட்டது எந்த ஊசி என்றாலும் ஒரே பதில்தான். ஏறிய இடமெல்லாம் கையை விரித்தார்கள்.

உடலுறுப்பு தானத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டி. 2023 செப்டம்பரில், தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தபோது எங்கள் வீட்டில் அம்மா அழுதுவிட்டாள். அந்த அரசிடம்தான் கேட்கிறேன். அந்த மனிதர் விட்டுச்சென்ற சிறுநீரகம் என் தம்பியின் உடலுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் காக்க ஆண்டுக்கொரு முறை புதிய திரிபுக்கான ஊசியை வாங்கி, உறுப்பு மாற்றுப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளில் வைத்தால் என்ன? பெயர்ப் பட்டியல் அங்கேயே இருக்கிறது. மாத்திரை வாங்க மாதந்தோறும் அவர்களாகவே வந்து நிற்கிறார்கள்.

ஊசி என்றதும் பின்னூட்டத்தில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் இறந்தது நம் எல்லார் மனதையும் உடைத்தது. அதைக் காரணம் காட்டி ஊசி வேண்டாம் என்று இருந்துவிட்ட இருவரை அந்த மே மாதத்திலேயே எங்கள் தெரு இழந்தது. விவேக்கின் மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று ஒன்றிய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து சொன்ன செய்தி, வதந்தி போன வேகத்தில் போகவில்லை. கோவிஷீல்டால் ரத்த உறைவு மிக அரிதாக ஏற்பட்டது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. நான்கு ஆண்டு கழித்து உடற்பயிற்சிக் கூடத்தில் ஓர் இளைஞர் சரிந்தால் அதையும் ஊசியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. இளவயது திடீர் மரணங்களை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை என்று 2023-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

உங்களிடம் நான் கேட்பது சிறிது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், யாரும் சொல்லாமலே ஊர் விலகி நின்றது. அந்த வீட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இருமல் இருந்தால் விசேஷத்துக்கு வராதீர்கள். வராததற்காக யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். வந்தே ஆக வேண்டுமென்றால் முகக்கவசம் அணியுங்கள். இது காற்றில் பரவும் நோய். சன்னல்களை அடைத்து ஏசி போட்ட மண்டபத்தில் ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் எல்லாரும் சுவாசிக்கிறோம்.

வரும் ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். ஏசி மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரு பக்கமும் பெரிய சன்னல்கள் இருக்கும் பழைய மண்டபமொன்றைச் சித்தப்பா பிடித்திருக்கிறார். வியர்க்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்களாம். "என் அண்ணன் மகன் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், விசிறி நான் வாங்கித் தருகிறேன்" என்று அவர் சொல்லிவிட்டார். பெரியப்பாவும் வருகிறார்.