சின்ன சிலிண்டரில் கேஸ் பிடிக்கும் தம்பிகளுக்கு

திருப்பூரில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறையில் தங்கியிருந்தபோது, தலையில் பர்னர் திருகிய ஒரு குட்டி சிலிண்டர்தான் எங்கள் சமையலறை. தீர்ந்துபோனால் பின்தெருக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "அண்ணா, ரெண்டு கிலோ பிடிங்க" என்போம். கடையின் பின்பக்கம் வீட்டு உபயோக சிவப்பு சிலிண்டரிலிருந்து குழாய் வழியாக ஏற்றிக் கொடுப்பார்.

ஒருநாள் அந்தக் குழாய் கழன்றுவிட்டது. புஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பியது மேலே போகவில்லை, தண்ணீர் மாதிரி தரையோடு ஓடியது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அடுத்த கடை டீக்கடை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கசிவையாவது மூக்கு கண்டுபிடித்துவிடும், அதற்காகத்தான் மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம், அளவுக்கு மேல் நிரப்புவது. அதற்கு நாற்றமும் கிடையாது, சத்தமும் கிடையாது. வீட்டு சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் 14.2 கிலோ மட்டும் அடைக்கிறார்கள். திரவம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வரைதான் நிற்கும், மீதி இடத்தை வேண்டுமென்றே விடுகிறார்கள். வெயில் ஏறினால் திரவம் விரியும், விரிய அந்த இடம் வேண்டும். கேஸ் நிரப்பும் ஆலையில் ஒவ்வொரு சிலிண்டரையும் எடை போட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். கடைக்கார அண்ணனோ கையால் தூக்கிப் பார்த்து, "போதும்" என்பார். அதைக் கொண்டுபோய்த் தகரக் கூரைக்கு அடியில், சித்திரை வெயிலில் வைத்திருந்தோம். இடமில்லாமல் திரவமே நிறைந்துவிட்ட சிலிண்டரில் கொஞ்சம் சூடு ஏறினாலும் அழுத்தம் தாறுமாறாக எகிறும்.

இப்படி நிரப்புவது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும். உரிமம் இல்லாமல் எரிவாயு நிரப்பக் கூடாது, வீட்டு சிலிண்டரை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அவ்வப்போது ரெய்டு நடக்கும், சிலிண்டர்களைப் பறிமுதல் செய்வார்கள், பேப்பரில் படம் வரும். சரி, அப்புறம்? அறையில் இருக்கிற பையன் ராத்திரி எதில் சோறு வடிப்பான்?

முறையான வழி இல்லாமல் இல்லை. இந்தியன் ஆயிலின் சோட்டு, எச்பியின் அப்பு என்று 5 கிலோ சிலிண்டர்கள் விற்கின்றன. 2013-லேயே பெட்ரோல் பங்குகளில் இந்த விற்பனையைத் தொடங்கினார்கள். முகவரிச் சான்று தேவையில்லை, ஏதாவது ஓர் அடையாள அட்டை போதும். நான் திருப்பூரில் இருந்த காலம் முழுக்க இதை எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. வடமாநிலத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பையனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

விலையும் ஒரு காரணம். வீட்டு எரிவாயுவுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், வணிக எரிவாயுவுக்கு 18. இந்த 5 கிலோ சிலிண்டர் வணிகக் கணக்கில் சேர்வதால் கிலோவுக்கு வீட்டு விலையைவிடக் கூடுதலாகவே ஆகிறது. முகவரிச் சான்று காட்டி வீட்டு இணைப்பு வாங்க முடிந்தவருக்குக் குறைந்த விலை, ஊர்விட்டு ஊர் வந்து ஒண்டியாகச் சமைப்பவனுக்கு ஹோட்டல்காரர் விலை. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. அவனும் வீட்டில்தானே சமைக்கிறான்? அந்த 5 கிலோவை வீட்டு விலைக்கே கொடுங்கள். தொழிலாளர் குடியிருக்கும் தெருவின் மளிகைக் கடையில் கிடைக்கச் செய்யுங்கள். கையில் இருநூறு ரூபாய் இருக்கும் நாளில் இரண்டு கிலோ வாங்க வழி இருந்தால், பின்தெருக் கடைக்கு யாரும் போகமாட்டார்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் குடிவந்த ஒரு தம்பியை ஏஜென்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் 5 கிலோ வாங்கிக் கொடுத்தேன். ஆதார் மட்டும்தான் கேட்டார்கள், பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் தடவை என்பதால் சிலிண்டருக்கும் சேர்த்துக் கட்டிய பணம் அவனுக்கு மூன்று நாள் கூலி. எண்ணி எண்ணித்தான் கொடுத்தான்.